ஒடுகத்தூர் தாண்டி ஏறும் வேன்கள்

பத்துப் பேர், ஒரு வண்டி, கூடாரம், அடுப்பு. நமீபியாவின் எட்டோஷா, போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ என்று தரைவழியாகவே வாரக்கணக்கில் சுற்றும் ஆப்பிரிக்க சஃபாரி இவ்வளவுதான். இப்படிச் சுற்றும் ஆசை நம்மூர் இளைஞர்களையும் தொற்றிக்கொண்டது. ஜவ்வாது மலைக்கு அடிவாரத்து ஒடுகத்தூர் வழியாகவும் வேன்கள் ஏறுகின்றன. சிங்கம் இல்லாவிட்டால் என்ன, மலைக்காற்று இருக்கிறதே!

வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூரில் ஆட்டுச்சந்தை. மலையிலிருந்து இறங்கி வந்தவரின் கிடாவை வியாபாரி முதுகில் அழுத்திப் பார்த்து விலை பேசிக்கொண்டிருப்பார். கொஞ்சம் தள்ளி நிற்கும் வேனில் தண்ணீர் கேன், பிரியாணிப் பொட்டலம், சிப்ஸ், துண்டில் சுற்றிய மது பாட்டில்கள் ஏறும். எல்லாமே கீழே வாங்கியவை. மேலே ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. பாட்டில் மட்டும் பாறை இடுக்கில் தங்கிவிடும். வெறுங்காலோடு ஆடு மேய்க்கிறவர்கள் நடக்கிற பாறை அது. எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

அங்கே முத்துக்குமரன் மலையிலிருந்து பீஞ்சமந்தை என்ற மலைக்கிராமத்துக்குப் போகும் சாலை உல்லாசத்துக்காகப் போட்டதல்ல. நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தவர்கள் பல்லாண்டு கேட்டுப் பெற்றது. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, வண்டி போகப் பாதையில்லாமல் தாய் சுமந்து நடந்தாரே, அதே மலைத்தொடர்தான்.

அங்கே விளைவது சாமை. உமியை நீக்குவது லேசான வேலையல்ல. உரலில் குத்திப் புடைத்து மாளாது என்று உமியோடு அப்படியே வியாபாரிக்குத் தள்ளிவிடுவோர் உண்டு, லாபம் கைமாறிவிடும். அதே சாமையைச் சோறாக்கிப் பத்துப் பேருக்குப் பரிமாறினால் காசு அந்த வீட்டிலேயே நிற்கும்.

காசு ஊரிலேயே நிற்பதை நமீபியா சட்டமாகவே செய்தது. 1996-ல் வந்த சட்டத் திருத்தம், கிராமத்தார் சேர்ந்து அமைக்கும் காப்பகங்களுக்கு வனவிலங்கு மீதும் சுற்றுலா மீதும் உரிமை கொடுத்தது. பயணிகள் தரும் பணத்தில் ஊருக்கும் பங்கு கிடைத்தது.

மலையில் சுற்றுலாவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

போகிறவர்களிடம் கேட்பது இதுதான்: பிரியாணியைக் கட்டாதீர்கள். மேலே ஒரு வீட்டில் முன்கூட்டியே சொல்லிச் சாமைச் சோறு சாப்பிடுங்கள், கேட்ட விலையைக் கொடுங்கள். வழிகாட்ட உள்ளூர்க்காரரையே கூலி பேசி அழைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை அனுமதி இல்லாத காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். மது பாட்டிலை மலைக்குக் கொண்டே போகாதீர்கள்.