இடம்புரியும் வலம்புரியும்: சங்கின் வகைப்பாட்டில் திருகுதிசையின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் ‘சங்கு’ என்னும் ஒரு சொல் பல குடும்பங்களைச் சேர்ந்த கடல்நத்தைகளைக் குறிக்கின்றது. இடம்புரி, வலம்புரி என்பன ஓட்டின் திருகுதிசையைச் சுட்டும் பெயர்களேயன்றி இனப்பெயர்கள் அல்ல. விலங்கியல் ‘வலத்திருகு’ என்று வழங்குவதும் தமிழ்மரபு ‘வலம்புரி’ என்று வழங்குவதும் ஒன்றற்கொன்று எதிரானவை. இவ்வேறுபாடு தோன்றும் முறையினையும், இனத்தை அறிவதற்குத் திருகினைவிட ஓட்டின் நடுத்தண்டே தக்க சான்றாக அமைவதனையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: சங்கு, வலம்புரி, இடம்புரி, நந்து, புரி, நடுத்தண்டு, கொடுமணல்

முன்னுரை

திருப்பூரைக் கடந்து கிழக்கே செல்லும் நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் அமைந்துள்ளது. பதிற்றுப்பத்தில் நன்கலங்களோடு சேர்த்துப் பேசப்பெறும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்வும் அதனைத் தொடர்ந்து நிகழ்ந்த அகழாய்வுகளும் இரும்பு உருக்கிய உலைகளையும், பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றாலான மணிகளையும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தன. சுடுமண் தக்களிகளோடு சங்கு வளையல்களும் அங்குக் கிடைத்துள்ளன. நூல் திரித்த ஊருக்குக் கடலிலிருந்து வெகுதொலைவு கடந்து சங்கு வந்துள்ளது.

எந்தச் சங்கு என்னும் வினா இங்கு எழுகின்றது. அகழாய்வு பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் ‘சங்கு’ என்ற பொதுப்பெயரோடு நின்றுவிடுகின்றன. இலக்கிய ஆய்வுகளில் வலம்புரி தனியோர் இனம்போல் எழுதப்பெறுகின்றது. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அது ‘வலத்திருகுச் சங்கு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பெறுகின்றது. அம்மொழிபெயர்ப்பைப் படிக்கும் விலங்கியலார் கடலில் மலிந்து கிடைக்கும் எளிய சங்கினையே எண்ணிக்கொள்வர். கிடைத்தற்கரியது என்று புலவன் பாடிய பொருள் மொழிபெயர்ப்பில் தன் அருமையை இழந்துவிடுகின்றது.

நந்து முதல் பாஞ்சசன்னியம் வரை

உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு அடுக்கும் தொல்காப்பிய மரபியல் நந்தினையும் முரளையும் ஈரறிவுடையனவாக வைக்கின்றது. தொடுவுணர்வும் சுவையுணர்வும் அவற்றுக்கு உண்டு என்பது இதன் கருத்து. உரையாசிரியர்கள் நந்து என்பதனுள் சங்கினையும் நத்தையினையும் அடக்குவர். கடற்சங்கும் வயல்நத்தையும் ஓரினத்தன என்று கண்ட இக்கூட்டு இன்றைய விலங்கியலுக்கும் உடன்பாடானதே. இரண்டும் வயிற்றுக்காலிகள் என்னும் வகுப்பைச் சார்ந்தவை. அறிவின் எண்ணிக்கையில்தான் வேறுபாடு உண்டு. சங்கின் உணர்கொம்புகளில் கண்கள் உள்ளன. நீரில் கரைந்து வரும் இரையின் வாடையை உணர்வதற்கென ஒரு தனியுறுப்பும் அதற்கு உண்டு. புலனுக்கு எளிதில் தென்படாத இவற்றை மரபியல் கணக்கிடாததில் வியப்பில்லை.

உரைமரபிலும் நிகண்டுமரபிலும் வேறோர் அடுக்கு காணப்பெறுகின்றது. ஆயிரம் இப்பிகள் சூழ இருப்பது இடம்புரி. ஆயிரம் இடம்புரி சூழ இருப்பது வலம்புரி. அவ்வாறே வலம்புரி ஆயிரம் சூழச் சலஞ்சலமும், சலஞ்சலம் ஆயிரம் சூழப் பாஞ்சசன்னியமும் அமையும் என்பது அதன் சாரம். இதனை உயிரியல் வகைப்பாடாகக் கொள்ளுதல் பொருந்தாது. இப்பி இருவோடுடைய சிப்பியினம். பாஞ்சசன்னியமோ திருமாலின் கைச்சங்கு. அருமையே இவ்வடுக்கின் அளவுகோல். அரசனைக் குடிகள் சூழ்ந்திருக்கும் அமைப்பினைக் கடலுக்குள்ளும் கண்ட மனத்தின் படைப்பு இது. எனினும் ஓர் உண்மை இதனுள் பொதிந்துள்ளது: எளிதிற் கிடைப்பது இடம்புரி, அரிதிற் கிடைப்பது வலம்புரி.

சங்கின் பிற பெயர்களும் கருதத்தக்கன. கோடு, வளை, சுரிமுகம் என்பன வளைவினையும் சுருளினையும் கண்டு எழுந்தவை. ‘வளை’ என்பது உயிரினத்துக்கும் அதன் ஓட்டிலிருந்து அறுத்தெடுத்த அணிகலனுக்கும் ஒருங்கே பெயராயிற்று. தொழிலையும் புலவர் உற்றுநோக்கியுள்ளனர். அகநானூற்றின் 24ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார், வளைகளை அரத்தால் அறுத்தெடுத்த பின் எஞ்சிநிற்கும் நுனித்துண்டினை விரியாத பகன்றை அரும்புக்கு உவமையாக்குகின்றார். அறுப்போர் களையும் கழிவுத்துண்டு உவமையாகியுள்ளமையின், அத்தொழில் அன்று கண்ணுக்குப் பழகிய காட்சியாக இருந்திருத்தல் வேண்டும்.

ஊனுண்ணும் நத்தைகளுள் சங்கு

கடல்நத்தைகளுள் ஊனுண்ணும் பெருங்கூட்டம் ‘நியோகாஸ்ட்ரோபோடா’ என்னும் வரிசையில் அடங்கும். ஓட்டின் முன்முனையில் நீரை உள்வாங்கும் குழலுக்கென அமைந்த கால்வாய், நீட்டிச் சுருக்கத்தக்க துதிக்கைபோன்ற வாய், வரிசைக்குச் சில பற்களே கொண்ட ‘ராடுலா’ என்னும் பல்நாக்கு ஆகியவை இவ்வரிசையின் பொது அடையாளங்கள். பாசியைச் சுரண்டித் தின்னும் நத்தைகளுக்கு வரிசைதோறும் பற்கள் மிகுதி, இரைபிடிப்பனவற்றுக்குக் குறைவு. கூம்புநத்தைகளில் ஒவ்வொரு பல்லும் நஞ்சு செலுத்தும் ஈட்டியாகவே மாறியுள்ளது. முள்சங்குகளின் குடும்பமாகிய மியூரிசிடே பிற ஓடுகளைத் துளையிட்டு உண்பது. (நடுநிலக்கடல் நாடுகளின் புகழ்பெற்ற ஊதாச் சாயம் இக்குடும்பத்து நத்தைகளிலிருந்து பெறப்பட்டதேயாகும்.)

நாம் ஊதுவதும் வழிபடுவதும் வளையலாக அறுத்ததுமாகிய சங்கு டர்பினெல்லிடே குடும்பத்தைச் சார்ந்த டர்பினெல்லா பைரம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மணற்பாங்கான கடற்றரையில் வாழ்ந்து, குழாய்ப்புழுக்களைத் தன் நீண்ட துதிக்கையால் பற்றி உண்பது. ‘ஐவிரல் சங்கு’ என மீனவர் வழங்கும் லாம்பிஸ், பெயரால் சங்காயினும் பாசியுண்ணி. அது இவ்வரிசையிலேயே அடங்காது. இன்னொரு பெருநத்தையாகிய சிகோரியஸ் ரமோசஸ் முள்சங்குக் குடும்பத்தது.

லின்னேயஸ் 1767இல் இச்சங்கினை ‘வொலூட்டா பைரம்’ என்று பெயரிட்டார். நடுத்தண்டில் மடிப்புகள் இருப்பதனைக் கொண்டு வொலூட்டாவினுள் அடக்கினார். பேரிக்காய் வடிவைக் கண்டு ‘பைரம்’ என்றார். பின்னர் வந்தோர் இதற்குத் தனிப் பேரினம் வகுத்தனர். 1798இல் ரோடிங் அளித்த பெயர் ‘சான்கஸ்’. அது ‘சங்கு’, ‘சங்க’ என்னும் நம்நாட்டுச் சொல்லின் இலத்தீன் வடிவம். மறு ஆண்டில் லாமார்க் அளித்தது ‘டர்பினெல்லா’. முந்தியதே செல்லும் என்னும் விதிப்படி சான்கஸ் நிலைத்திருக்க வேண்டும். இந்தியக் கடலியல் எழுத்துகளில் ‘சான்கஸ் பைரம்’ நெடுங்காலம் வழங்கியும் வந்தது. ஆயினும் விலங்கியற் பெயர்களுக்கான அனைத்துலக ஆணையம் தன் சிறப்பதிகாரத்தால் அதனை விலக்கி டர்பினெல்லாவினை நிலைநிறுத்தியது. பழைய கட்டுரைகளைத் தேடுவோர் இரு பெயர்களிலும் தேடுதல் வேண்டும். நம் சொல் ஒன்று அறிவியற் பெயராகி மீண்டும் நீங்கியமை தமிழாய்வாளர்க்குச் சிறிது வருத்தம் தருவதே.

ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய தனிநூல் இன்றும் முதன்மைச் சான்றாக விளங்குகின்றது. பழைய கொற்கை, காயல் ஆகிய இடங்களில் அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டு, பாண்டிநாட்டில் வளையல் தொழில் நடைபெற்றமையை அவர் எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் அத்தொழில் வங்கத்துக்கு உரியதாயிற்று; தூத்துக்குடிச் சங்கு டாக்கா வரை சென்றது.

புரி

‘புரி’ என்பது முறுக்கு, இழை என்னும் பொருளுடைய சொல். முப்புரிநூல், வைக்கோற்புரி ஆகிய வழக்குகளில் இப்பொருள் தெளிவு. எனவே சங்கின் பெயரிலும் நூலின் பெயரிலும் உள்ள கருத்து ஒன்றே. பனியன் தொழிலை அறிந்தோர்க்குச் சங்கின் திருகினை விளக்குதல் எளிது.

ஒற்றையிழை நூலில் முறுக்கு இருவகைப்படும். நூலைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது இழைகள் இடக்கீழிலிருந்து வலமேலாகச் சாய்ந்திருந்தால் அது இசட் முறுக்கு. எதிர்த்திசையில் சாய்ந்திருந்தால் எஸ் முறுக்கு. அவ்வெழுத்துகளின் நடுக்கோட்டுச் சாய்வே பெயருக்குக் காரணம். ஒரே வகை முறுக்குள்ள நூலால் பின்னிய சிங்கிள் ஜெர்சித் துணி, துவைத்தபின் ஒருபுறமாகக் கோணிக்கொள்ளும். பக்கத் தையல் முன்புறம் திரும்பிவிடும். இங்குக் கருதவேண்டியது ஒன்று. நூலைத் தலைகீழாக்கினாலும் இசட் முறுக்கு இசட் முறுக்காகவே இருக்கும். திருகு என்பது பொருளின் பண்பு. பிடிக்கும் நிலையால் அது மாறாது.

சங்கின் ஓடும் அத்தகையதே. எளிதிற் கிடைக்கும் சங்கின் சுருள் இசட் முறுக்கினை ஒத்தது. வலம்புரியின் சுருள் எஸ் முறுக்கினை ஒத்தது. எப்படித் திருப்பினும் ஒன்று மற்றொன்றாகாது. ஆனால் வாய் எப்பக்கம் தோன்றும் என்பது பிடிக்கும் நிலையைப் பொறுத்தது. விலங்கியலார் ஓட்டின் கூர்முடியை மேலே வைத்து வாயினைத் தம்மை நோக்கித் திருப்புவர். அந்நிலையில் எளிய சங்கின் வாய் வலப்புறம் அமையும். ஆதலின் அதனை ‘வலத்திருகு’ என்பர். திருமஞ்சனத்துக்குச் சங்கினை ஏந்தும் நிலை வேறு. அங்குக் கூர்முடி ஏந்துவோரை நோக்கியும், நீர் வழியும் கால்வாய் எதிர்ப்புறமாகவும், வாய் மேனோக்கியும் இருக்கும். அந்நிலையில் அதே சங்கின் வாய் இடப்புறம் அமைகின்றது. வலம்புரியின் வாய் வலப்புறம் அமைகின்றது. தமிழ்ப்பெயர்கள் இந்நிலையோடு முற்றும் பொருந்துகின்றன. இரு மரபுகளும் தத்தம் விதிப்படி செம்மையானவை. ஒன்றன் சொல்லை மற்றொன்றில் நேராக இடுவதே பிழை. வலம்புரியை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் ‘இடத்திருகு’ என்னும் பொருளுடைய விலங்கியற் சொல்லை ஆளுதல் வேண்டும்.

திருகு மாறுவதற்குக் காரணம் இனவேறுபாடு அன்று. குளத்துநத்தை ஒன்றில், குட்டியின் திருகினை அதன் மரபணு அன்றித் தாயின் மரபணுவே உறுதி செய்கின்றது என்பதனை ஸ்டர்ட்டெவன்ட் 1923இல் விளக்கினார். கருமுட்டையின் முதற் பிளவுகள் சாயும் திசையிலேயே திருகு தொடங்கிவிடுகின்றது. ஆகவே வலம்புரி டர்பினெல்லா பைரத்தின் அரிய பிறழ்வு, வேறோர் இனமன்று.

நடுத்தண்டின் மடிப்பு

இவ்வாறாயின் இடத்திருகுள்ள ஓடு அனைத்தும் வலம்புரியாகுமா என்னும் ஐயம் எழும். ஆகாது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் ‘மின்னல் வெல்க்’ என்னும் நத்தையின் இயல்பே இடத்திருகுதான். ஆயிரத்தில் ஒன்று என்றில்லாமல் அவ்வினத்தில் ஏறத்தாழ அனைத்தும் அவ்வாறே திருகியிருக்கும். அது வெண்மையாக மெருகிடப்பெற்று வலம்புரி என்ற பெயரில் பெருவிலைக்கு விற்கப்பெறுகின்றது. திருகினை மட்டும் நோக்குவோர் இதனைப் பிரித்தறிய இயலாது. வாயின் உட்புறத்தை நோக்கினால் ஐயம் நீங்கும்: டர்பினெல்லாவின் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் குறுக்கே ஓடும், மின்னல் வெல்க்கில் அத்தகைய மடிப்புவரிசை இல்லை. 1767இல் லின்னேயஸ் நோக்கிய அடையாளம் இன்றும் கைகொடுக்கின்றது.

சொல்லின் பொதுமை சட்டத்திலும் இடர் விளைக்கும். டிரைட்டன் எனப்படும் பெருநத்தை, கொம்புத் தலைக்கவச நத்தை ஆகியவை 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பெற்றன. இவையும் வழக்கில் ‘சங்கு’ என்றே சுட்டப்பெறுகின்றன.

தொல்லியலில் நடுத்தண்டின் பயன் இன்னும் பெரிது. சிந்துவெளித் தொல்லிடங்களின் ஓட்டுப்பொருள்களை ஆராய்ந்த ஜே. எம். கெனோயர், வளையல்கள் பெரும்பாலும் டர்பினெல்லாவிலிருந்தும், கரண்டிகள் சிகோரியஸிலிருந்தும் செய்யப்பெற்றமையைப் பிரித்துக் காட்டினார். இனம் தெரிந்தமையால்தான் எக்கரையிலிருந்து எப்பொருள் வந்தது என்பதனையும் அவரால் ஆராய முடிந்தது. மெருகிட்ட வளையற்றுண்டு தன் இனத்தை எளிதில் காட்டாது. கழிவாக ஒதுக்கிய தண்டு காட்டும்: மடிப்புகள் தடித்து மூன்று நான்காக இருப்பின் டர்பினெல்லா, தண்டு மழமழப்பாக இருப்பின் சிகோரியஸ் முதலியவற்றை எண்ணிப்பார்க்கலாம்.

நொய்யற்கரை போன்ற உள்நாட்டுத் தொல்லிடங்களில் இதன் பயன் இரட்டிப்பாகும். முடிந்த வளையல்கள் மட்டும் கிடைக்குமிடத்தில் அவை அணியாகவே வணிகத்தின்வழி வந்திருக்கலாம். தண்டும், ஆவூர் மூலங்கிழார் உவமித்த நுனித்துண்டும் கிடைக்குமிடத்தில் முழுச்சங்கு வந்து அங்கேயே அறுக்கப்பெற்றது என்று கொள்ளலாம். ஆதலின் அகழாய்வு அறிக்கைகளில் ‘சங்குத் துண்டு’ என்று ஒரே வரியில் எண்ணிக்கை தருவதற்கு மாறாகத் தண்டு, நுனி, வளையற்றுண்டு எனப் பகுத்தும், தண்டின் மடிப்புகளை எண்ணியும், அதன் திருகுதிசையைக் குறித்தும் பதிதல் தகும். இதற்குக் கைவில்லை ஒன்றும் நல்ல வெளிச்சமும் போதும்.