வேளாங்கண்ணியோடு நின்றுவிடலாமா?

கொடியேற்றம் நெருங்கியதும், தஞ்சைத் தரணியின் ஊர்களிலிருந்து காவியுடை தரித்த கூட்டங்கள் வேளாங்கண்ணியை நோக்கிக் கால்நடையாகப் புறப்படுகின்றன. பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1962-இல் பசிலிக்கா நிலைக்கு உயர்த்திய பேராலயத்தில் மன்றாடி, மெழுகுதிரி ஏற்றி, கடலில் கால் நனைத்து, மறுநாளே வீடு திரும்புகிறோம். நாகை மாவட்டத்தில் நாம் காணத்தக்கது இவ்வளவுதானா?

தெற்கே சென்றால், 1930-இல் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் உப்பு அள்ளிய வேதாரணியம். அதற்கப்பால் கோடியக்கரை; அங்கே வெளிமான்கள் துள்ளித் திரியும். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் வந்திறங்கும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய படைப்பின் பேரழகு இது.

வடக்கே நாகூர். அங்குள்ள தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி. அதனைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங். இஸ்லாமியப் பெரியார் ஒருவருக்கு இந்து அரசர் செலுத்திய வணக்கம் அது.

வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் இடையில் உள்ளது நாகப்பட்டினம். முதலாம் இராசராசன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னர் இங்கே சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளியை எழுப்பினார். சைவனாகிய சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே தானமளித்தான். அப்பள்ளியைச் சார்ந்ததெனக் கருதப்படும் செங்கற் கோபுரமொன்று, மாலுமிகளுக்கு வழிகாட்டியாய் நெடுங்காலம் நின்றது.

இன்று அது இல்லை. நாகையில் 1844-இல் தோன்றி, 1883-இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியை நாம் நன்கு அறிவோம். அதனை நடத்திய நம் குருக்களே, அரசின் இசைவு பெற்று, 1867-இல் அக்கோபுரத்தை இடித்தனர். அவர்களுடைய கல்விப் பணிக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆயினும், குருவாகிய நான் இதனை மறைத்தல் முறையன்று. நாகையில் மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் திருமேனிகளைச் சென்னை அருங்காட்சியகத்தில் கண்டபோது, என் தலை தானே தாழ்ந்தது.

பிறர் திருத்தலத்துக்குச் சோழனும் மராட்டியனும் கொடுத்தார்கள், நாமோ எடுத்தோம். நம் அன்னையின் ஆலயத்திற்கு எல்லா மதத்தினரும் கைகூப்பி வருகின்றனர் என்று பெருமை கொள்கிறோம் அல்லவா? அப்பெருமைக்குக் கைம்மாறாக, அடுத்த யாத்திரையில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கைபற்றி நாகூருக்கும் நாகைக்கும் செல்லுங்கள். பிறருடைய புனித இடத்தில் காலணி கழற்றி நிற்கக் கற்ற பிள்ளை, தன் ஆலயத்திலும் பக்தியோடு நிற்கும்.