தோல்விப் பக்கத்திற்கும் மதிப்பெண்

தொழில்முனைவு என்றதும் முதலீடு, லாபம் ஆகியவையே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் மனநிலையும் வளர வேண்டும் என்பதைக் கோவை அருணாசலம் முருகானந்தத்தின் வாழ்வைக் கொண்டு விளக்கலாம்.

14 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர் அவர். 1998இல், மனைவி மாதவிடாய்க் காலத்தில் பழந்துணி பயன்படுத்துவதை அறிந்தார். பிறர் தேவையைத் தம் பொறுப்பாக ஏற்றது முதல் கட்டம்.

பஞ்சைக் கொண்டு அவர் செய்த நாப்கின் பயன்படவில்லை. 'தோற்றுவிட்டேன்' என்று நில்லாமல் 'ஏன் பயன்படவில்லை?' என்று கேட்டது இரண்டாம் கட்டம். கடை நாப்கினில் இருப்பது மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் நார் எனக் கண்டறிய இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இடையில் ஊரார் ஏளனம் செய்தனர். மனைவியும் சில ஆண்டுகள் பிரிந்திருந்தார்.

தாம் உருவாக்கிய எளிய இயந்திரத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொண்டுசென்று, பலரையும் தொழில்முனைவோராக்கியது மூன்றாம் கட்டம். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அறிவியல் கண்காட்சியில் இயங்காத மாதிரியை நாம் ஓரமாக வைத்துவிடுகிறோம். அதைச் செய்த மாணவர் அத்துடன் முயற்சியையே கைவிடக்கூடும். 'ஏன் இயங்கவில்லை? அடுத்து எதை மாற்றுவாய்?' என்று கேட்டு, விடையைக் குறிப்பேட்டில் எழுதச் செய்வோம். அந்தப் பக்கத்திற்கும் மதிப்பெண் வழங்குவோம்.