விண்கப்பலில் ஏறிய மினி ஸ்கர்ட்: தெரியுமா இந்தக் கதை?

ஒரு நடிகைக்கு, இருக்கிற ஒரு தொப்புளைக் காட்டவே அனுமதி கிடைக்கவில்லை. நான்கு வருஷம் கழித்து அதே நடிகை இரண்டு தொப்புளோடு தொலைக்காட்சியில் வந்தார். தெரியுமா?

அவர் பெயர் மரியட் ஹார்ட்லி. 1969-இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ஓர் எபிசோடில், பனியுகக் குகையில் தனியாக வாழும் பெண்ணாக நடித்தார். விலங்குத் தோலில் துணுக்கு உடை. எவ்வளவு வேண்டுமானாலும் குறையலாம், ஆனால் தொப்புள் மட்டும் தெரியக் கூடாது! அன்றைய என்பிசி சேனலின் தணிக்கைக்காரர்களுக்குத் தொப்புள் என்றாலே ஆகாது. அதே சேனலில் ஓடிய 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' பூதப்பெண்ணின் தொப்புளையும் இடுப்புத் துணிக்குள்ளே மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரி இதை மறக்கவில்லை. 1973-இல் 'ஜெனிசிஸ் 2' என்ற தொலைக்காட்சிப் படம் எடுத்தபோது, ஹார்ட்லியையே அழைத்து மரபு மாறிய மனித இனத்துப் பெண்ணாக்கினார். அந்த இனத்துக்கு இரண்டு இதயம், ஆகவே இரண்டு தொப்புள்! சேனல்காரர்கள் தனக்கு ஒரு தொப்புள் பாக்கி வைத்திருந்தார்கள் என்று ராடன்பெர்ரி பின்னால் சொல்லிச் சிரித்தாராம்.

சிரிப்பு இருக்கட்டும். 'ஆகவே' என்று ஒரு சொல் நடுவில் வந்ததே, அதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அறிவியல் புனைகதைத் தொடர்களில் பெண்களின் துணி குறைகிற ஒவ்வோர் இடத்திலும், அல்லது இறுகுகிற ஒவ்வோர் இடத்திலும், ஒரு விஞ்ஞானக் காரணம் எங்கிருந்தோ வந்து நிற்கும். ஆண்களின் சட்டைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை, சொல்வதுமில்லை.

இன்னொன்று தெரியுமா? ஸ்டார் ட்ரெக் பெண்கள் முதலில் பேன்ட்தான் போட்டிருந்தார்கள்! 'தி கேஜ்' என்ற முதல் மாதிரி எபிசோடில் கப்பலின் இரண்டாம் நிலைத் தளபதியே ஒரு பெண். பெயர்கூடக் கிடையாது, 'நம்பர் ஒன்' என்றுதான் அழைப்பார்கள். நடித்தவர் மேஜல் பாரட். ஆண்களுக்கு இருந்த அதே பேன்ட், அதே சட்டை. சேனல் அந்த எபிசோடை ஏற்கவில்லை. இரண்டாவது மாதிரி எபிசோடிலும் பேன்ட் இருந்தது. 1966 செப்டம்பர் 8 அன்று தொடர் ஒளிபரப்பானபோது பேன்ட் போயே போயிற்று, தொடையிலேயே நின்றுவிடும் குட்டைப் பாவாடை வந்துவிட்டது. தளபதியாக இருந்த மேஜல் பாரட், பாவாடை அணிந்த நர்ஸாகத் திரும்பி வந்தார். நிஜத்தில் வாலென்டினா தெரெஷ்கோவா விண்வெளி உடையில் பூமியைச் சுற்றிவிட்டு வந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது!

இதை முழுக்க ஆண்களின் சதி என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அந்தப் பாவாடை யோசனையே தன்னுடையது என்று கிரேஸ் லீ விட்னி பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் சீசனில் ஜேனிஸ் ரேண்டாக வந்தவர் அவர். உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸும் அந்த உடை தன்னைச் சிறுமைப்படுத்தியதாக நினைக்கவில்லை. லண்டனில் மேரி குவாண்ட் மினி ஸ்கர்ட்டைப் பரப்பிய காலம் அது. முழங்கால் தெரிவதையே விடுதலையாகப் பார்த்த தலைமுறை. அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

அந்த உடைகளைத் தைத்த மூளை யாருடையது? வில்லியம் வேர் தைஸ். இவருக்கென்று ஒரு 'விதி'யே உண்டு, தெரியுமா? உடம்பு எவ்வளவு தெரிகிறது என்பது முக்கியமே இல்லையாம். 'ஐயோ, இதோ நழுவப்போகிறது' என்று பார்ப்பவர் எவ்வளவு பதறுகிறாரோ, அவ்வளவு கவர்ச்சியாம்! 1967-இல் கிரேக்கக் கடவுள் அப்பல்லோ வரும் எபிசோடில் லெஸ்லி பாரிஷ் அணிந்த இளஞ்சிவப்பு அங்கி இந்த விதிக்கு உச்சம். ஒரு தோள் வழியாகப் பின்னால் தொங்கும் நீள முந்தானைதான் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கிறது. எடைக்கு எடை! பொறியியலாகப் பார்த்தால் கைதட்டலாம். அதைப் போட்டுக்கொண்டு வசனம் பேசியவரைத்தான் கேட்க வேண்டும்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1965-இன் மிஸ் இந்தியா, மும்பைப் பெண் பெர்சிஸ் கம்பாட்டா! எழுபதுகளின் இறுதியில் ஸ்டார் ட்ரெக்கை மறுபடி தொடராக எடுக்க நினைத்தபோது, ஐலியா என்ற வேற்றுக்கிரகப் பெண்ணாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடர் கைவிடப்பட்டு 1979-இல் சினிமாவானது. பாத்திரத்துக்காக அவர் தலையை முழுக்க மழித்துக்கொண்டதை உலகமே பேசியது. பேசாமல் விட்டது இது: கதையில் ஓர் இயந்திர அறிவு ஐலியாவின் உருவத்தை நகலெடுத்துக் கப்பலின் குளியலறைக்கு அனுப்புகிறது. கேப்டன் கிர்க் ஒரு பட்டனை அழுத்த, அவள் மேல் உடை வந்து சேர்கிறது. என்ன உடை? குட்டையான வெள்ளை அங்கி, ஹை ஹீல்ஸ்! இருபத்து மூன்றாம் நூற்றாண்டின் ஷவருக்கு ஒரு பேன்ட் தயாரிக்கத் தெரியவில்லை.

கடல் தாண்டி பிரிட்டனுக்கு வாருங்கள், அங்கே இன்னும் விசித்திரம். 1970-இன் 'யூஎஃப்ஓ' தொடரில் நிலாத் தளத்துப் பெண்கள் அனைவருக்கும் வெள்ளி நிற இறுக்க உடை, ஊதா நிற விக்! ஆண்களுக்கு விக் இல்லை. ஏன்? தொடரில் எங்குமே சொல்லவில்லை. நிலைமின்சாரத்தைத் தடுக்கத்தான் என்று ரசிகர்களிடையே ஒரு விளக்கம் உலவுகிறது. நிலாவின் நிலைமின்சாரம் ஆள் பார்த்துத்தான் தாக்கும்போல! அந்த விக்கோடு தளபதியாக வந்த கேப்ரியல் டிரேக் பிறந்த ஊர் லாகூர் என்பதும், அவர் பாடகர் நிக் டிரேக்கின் அக்கா என்பதும் கொசுறு. உடைகளை வடிவமைத்தது ஒரு பெண்தான், சில்வியா ஆண்டர்சன். அதே தொடரின் நீர்மூழ்கிக் கப்பலில் ஆண், பெண் எல்லோருக்கும் வலைபோட்ட மேல்சட்டை. அங்கே மட்டும் சமத்துவம்.

அடுத்ததைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். 1964-இல் மார்பை மறைக்காத நீச்சலுடையை வடிவமைத்து உலகையே அதிரவைத்தவர் ரூடி கெர்ன்ரைக். 'ஸ்பேஸ்: 1999' தொடருக்கு உடை வடிவமைக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். என்ன கொடுத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கழுத்துவரை மூடிய வெளிர்நிறச் சட்டை, தொளதொள பேன்ட், பிரிவைக் காட்ட ஒரு கைக்கு மட்டும் நிறம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அச்சு அசல் ஒன்றே! நிர்வாணத்துக்குப் பெயர் வாங்கியவர்தான் 1975-இல் பெண்ணுக்கு ஒழுங்கான சீருடை தைத்துக் கொடுத்தார்.

'டாக்டர் ஹூ'வில் 1977-இல் வந்த லீலா, தோலாடை தரித்த வேட்டைக்காரப் பெண். சனிக்கிழமை கால்பந்து முடிவுகளைப் பார்த்துவிட்டு டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்கும் அப்பாமார்களுக்காக அந்த உடை என்று அங்கே வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். ஆனால் எழுத்தாளர் கிறிஸ் பௌச்சர் அவளுக்குப் பெயர் எடுத்தது பாலஸ்தீனப் போராளி லைலா காலித்திடமிருந்து! நீலக் கண்கொண்ட லூயிஸ் ஜேம்சனுக்குப் பழுப்புக் கண் வேண்டுமென்று சிவப்பு லென்ஸ் மாட்டினார்கள். கண் படாத பாடு பட்டது. கடைசியில் ஒரு வெடிப்பின் ஒளியில் லீலாவின் கண் நிறம் மாறிவிட்டதாகக் கதை எழுதி லென்ஸுக்கு விடை கொடுத்தார்கள். விஞ்ஞானக் காரணம் நடிகைக்கு உதவிய அபூர்வமான இடம் இது.

1987-இல் புதிய ஸ்டார் ட்ரெக், 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. முதல் எபிசோடில் ஆண்களும் குட்டைப் பாவாடை அணிந்து தாழ்வாரத்தில் நடந்தார்கள், தெரியுமா? சமத்துவமாம்! சீக்கிரமே அந்த ஆண்கள் மாயமானார்கள். மற்றவர்களுக்கு ஸ்பான்டெக்ஸ் உடை. சுருக்கமே விழக் கூடாதென்று அவ்வளவு இறுக்கம். கேப்டனாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு முதுகுவலி வந்து, மருத்துவர் எச்சரித்து, மூன்றாவது சீசனில் கம்பளித் துணியில் இரண்டு துண்டுச் சீருடை வந்தது. ஆணுக்கு முதுகு வலித்தால் துணி மாறும். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மனநல ஆலோசகர் டியானா ட்ராயாக வந்த மரீனா சர்டிஸுக்குக் கழுத்து இறங்கிய, உடலைக் கவ்விய உடை. அவளும் அதிகாரிதான், ஆனால் சீருடை இல்லை. 1992 டிசம்பரில் 'செயின் ஆஃப் கமாண்ட்' எபிசோடில் கண்டிப்பான புதுக் கேப்டன் ஒருவர் வந்து, பணி நேரத்தில் எல்லோரையும் போலச் சீருடை அணியுங்கள் என்கிறார். அவ்வளவுதான்! அந்த ஆணைக்குப் பிறகு ட்ராயின் நடை, பேச்சு எல்லாம் மாறின. பின்னால் தேர்வெழுதித் தளபதி பதவிக்கும் உயர்ந்தாள். சீருடை வந்த பிறகே தன் பாத்திரத்துக்கு மூளை திரும்பி வந்தது என்று சர்டிஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே 1992-இன் செப்டம்பரில்தான் மே ஜெமிசன் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். அவருக்குச் சிறுவயதில் ஆதர்சம் யார்? மினி ஸ்கர்ட் உஹூரா! நிக்கோல்ஸ் 1977 முதல் நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் திரட்டியவர் என்பது தனிக் கதை.

இப்போது பெரிய கதைக்கு வருவோம். 'வாயேஜர்' தொடர். முதன்முறையாக ஒரு பெண், கேத்ரின் ஜேன்வே, ஸ்டார் ட்ரெக் தொடரொன்றின் நாயகக் கேப்டன். நடித்தவர் கேட் மல்க்ரூ. மூன்று சீசன் ஓடியது. 1997 செப்டம்பரில் போர்க் எனும் இயந்திரக் கூட்டத்திலிருந்து மீட்கப்பட்டவளாக 'செவன் ஆஃப் நைன்' வந்தாள். நடிகை ஜெரி ரயன். முதல் வாரம் இயந்திரக் கவசம். அடுத்த வாரமே உடம்பில் வரைந்ததுபோல் ஒரு வெள்ளி உடை, கூடவே ஹை ஹீல்ஸ்! காரணம்? கப்பலின் டாக்டர் சொல்கிறார்: தோல் மறுபடி வளர இந்த உடை மருத்துவ ரீதியாக அவசியம். மருத்துவத்தோடு அழகையும் சேர்த்திருக்கிறேன் என்று பெருமை வேறு! ஹை ஹீல்ஸால் தோல் எப்படி வளரும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த உடையை நிஜத்தில் அணிந்தவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஆரம்பகால உடையின் கழுத்துப் பகுதி, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை அழுத்தியதில் ஜெரி ரயன் படப்பிடிப்பிலேயே மயங்கி விழுந்தார். உள்ளே விலா எலும்பை இறுக்கும் கார்செட். தானாகக் கழற்ற முடியாது, ஆள் வேண்டும். கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் மொத்தப் படப்பிடிப்பும் நின்று காத்திருக்க வேண்டும். ஒரு மனுஷிக்கு இதைவிடச் சங்கடம் உண்டா? பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் முதுகை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மயக்கத்துக்குப் பிறகு உடையைத் திருத்தினார்கள், நிறம் மாற்றினார்கள். ஆனால் இறுக்கம் 2001-இல் தொடர் முடியும்வரை போகவில்லை.

பார்வையாளர்கள் கூடினார்கள் என்பது உண்மை. கேப்டன் பெண் என்பதே போதும் என்று நம்பியிருந்த மல்க்ரூ புண்பட்டார். அந்தக் கசப்பு சக நடிகைமேல் பாய்ந்தது என்பதை அவரே பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கவனியுங்கள், உடையைத் தீர்மானித்தவர்கள் வேறு. மோதிக்கொள்ள நேர்ந்தது இரண்டு பெண்களுக்கு. ஆனால் செவன் இன்றும் நினைவில் நிற்பது உடையால் அல்ல. மனுஷியாக மாறக் கற்றுக்கொள்ளும் ஒருத்தியின் தடுமாற்றத்தை அத்தனை நுட்பமாக நடித்தார் ஜெரி ரயன். கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்டாலும் அது தெரியும்.

உடைதான் ஓட்டியது என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அப்படியானால் அடுத்து வந்த ஸ்டார் ட்ரெக் தொடர் 'எண்டர்பிரைஸ்' ஏன் ஓடவில்லை? 2001-இல் அதன் முதல் எபிசோடிலேயே வல்கன் எனும் வேற்றுக்கிரக இனத்து அதிகாரி ட்பால் உள்ளாடையோடு நின்று சக அதிகாரிக்குக் கிருமிநீக்க ஜெல் பூசுகிறாள். கிருமிநீக்கம், ஆகா, எவ்வளவு விஞ்ஞானம்! சின்ன வயதிலிருந்தே ஸ்டார் ட்ரெக் ரசிகையான ஜோலின் பிளாலக், தன் பாத்திரம் நடத்தப்பட்ட விதத்தைப் பேட்டியிலேயே விமர்சித்தார். ஜெல் இருந்தும், இறுக்க உடை இருந்தும் நான்கு சீசனோடு 2005-இல் கடையைக் கட்டினார்கள். மறுபக்கம், 1997-இல் தொடங்கிய 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' பத்து சீசன் ஓடியது. அதன் நாயகி சமந்தா கார்ட்டர் வாரந்தோறும் ஆண்களுக்குள்ள அதே ராணுவ உடுப்பைத்தான் மாட்டிக்கொண்டு வந்தாள்.

செவன் திரும்பி வந்தாள், தெரியுமா? 2020-இல் 'பிக்கார்ட்' தொடரில், ஜாக்கெட்டும் பேன்ட்டுமாக. ஐம்பதைத் தாண்டிய ஜெரி ரயன் அந்த இறுக்க உடை இல்லை என்பதில் எவ்வளவு நிம்மதி என்று பேட்டிகளில் சொன்னார். 2023 ஏப்ரலில் கடைசி எபிசோடு. எண்டர்பிரைஸ்-ஜி கப்பலின் கேப்டன் நாற்காலியில் செவன்! மற்ற அதிகாரிகளுக்குள்ள அதே சீருடை, காரணம் சொல்ல எந்த டாக்டரும் இல்லை. நேரம் கிடைத்தால், அந்த வெள்ளி உடை முதலில் வந்த 1997-இன் 'தி கிஃப்ட்' எபிசோடையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வீட்டில் வளர்ந்த பெண் பிள்ளை இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.