ஊதுலையின் உள்ளே

நெற்குதிர் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அடியிலுள்ள துளையைத் திறந்தால் நெல் சரிந்து வெளியே வரும். மேலே உள்ள நெல் அந்த இடத்தை நிரப்ப மெல்ல இறங்கும். இரும்பை உருக்கும் ஊதுலையும் ஒரு வகையில் அத்தகைய குதிரேயாகும். ஆனால் அது 30 மீட்டர் உயரம் உள்ளது. அதனுள் பண்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, பண்டங்களின் இடுக்குகள் வழியே அனற்காற்று மேல்நோக்கிப் பாய்கிறது.

உலையின் உச்சியிலிருந்து இரும்புத் தாதுவையும் கற்கரியையும் அடுக்கு அடுக்காக மாற்றி மாற்றிக் கொட்டுகிறார்கள். அடியில், சுற்றிலும் பொருத்திய ஊதுகுழல்கள் வழியே ஏறத்தாழ 1,200 டிகிரி வரை சூடேற்றிய காற்றைச் செலுத்துகிறார்கள். அங்கே கற்கரி எரிந்து 2,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் உண்டாகிறது. அதனால் பிறக்கும் வாயு சில வினாடிகளிலேயே உச்சியை அடைந்துவிடுகிறது; தாது கீழே வந்து சேரவோ 6 முதல் 8 மணி நேரம் ஆகிறது. அந்தச் சில வினாடிகளுக்குள் வாயு தன் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, 100, 200 டிகிரி அளவில் வெளியேறுகிறது. இவ்வளவு சிக்கனமான வெப்பப் பரிமாற்றம் நம் வீட்டு அடுப்பில் கனவிலும் நடவாது!

உலையின் நடுப்பகுதியில், 900 முதல் 1,000 டிகிரி அளவில், வாயுவும் பண்டமும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. அங்கே கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. அதற்குக் கீழே கற்கரி கரியமில வாயுவுடன் சேர்ந்து ஏராளமான வெப்பத்தை விழுங்கத் தொடங்குகிறது. ஆகவே உலையின் மேற்பாதியில் எத்தனை சூடு மிஞ்சினாலும் அது கீழ்ப்பாதியின் குறையை ஈடுசெய்யாது. இந்த உண்மையை அறியாமல் கற்கரியைச் சிக்கனம் செய்ய முயன்றால், அடியில் உருகிய இரும்பு உறைந்துபோகும். இறங்க வேண்டிய பண்டம் இடையில் சிக்கித் தொங்குவதும், பின்னர் திடீரெனச் சரிந்து விழுவதும் உண்டு. அப்போது உலைக்கும், அருகில் நிற்கும் தொழிலாளிக்கும் ஆபத்து.

உள்ளே எட்டிப் பார்க்கவும் இயலாது. எனவே 1970-ஆம் ஆண்டையொட்டி ஜப்பானில், ஹிரோஹாட்டா உட்படச் சில ஆலைகளில், ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்தி, நீரூற்றிக் குளிரவைத்து, அடுக்கு அடுக்காக அகழ்ந்து பார்த்தார்கள். புதைபொருள் ஆராய்ச்சிதான்! தாதுவும் கற்கரியும் கலந்துவிடாமல் வெகு ஆழம் வரை அடுக்குகளாகவே இறங்கியிருந்தன. தாது குழைந்து ஒட்டிக்கொள்ளும் பகுதியில் வாயு நுழைய இயலாது. இடையேயுள்ள கற்கரி அடுக்குகளே அதற்குச் சாளரங்கள். இந்தக் குழைவுப் பகுதியின் வடிவமே வாயுவின் வழியைத் தீர்மானிக்கிறது.

ஒவ்வோர் உலையையும் இவ்வாறு அறுத்துப் பார்க்க இயலுமா? இங்கேதான் கணிதம் உதவுகிறது. கணிப்பொறியில் உலையை ஆயிரக்கணக்கான சிறு அறைகளாகப் பிரிக்கிறார்கள். ஓர் அறைக்குள் வந்த பொருளுக்கும் வெப்பத்துக்கும், வெளியேறியதற்கும் தங்கியதற்கும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். துண்டுகள் சிறுத்து நெருங்கினால் காற்றுக்குத் தடை எவ்வளவு மிகும் என்பதற்கு எர்கன் 1952-இல் தந்த சமன்பாடு கைகொடுக்கிறது. துண்டுகள் ஒன்றையொன்று முட்டி உருள்வதைத் தனித்தனியே கணக்கிடும் முறையை கண்டால், ஸ்ட்ராக் என்ற இருவர் 1979-இல் வெளியிட்டார்கள். அவர்கள் எண்ணியது மண்ணையும் மணலையும் பற்றி. பயன் உலைக்கும் கிடைத்தது.

கணக்கு தவறுவதும் உண்டு. ஆகையால் சுவரிலுள்ள வெப்பமானிகளோடும் உச்சி வாயுவின் சோதனையோடும் அதை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். சுவரோரமாக வாயு மிகுந்து பாய்வதாகத் தெரிந்தால், உட்சுவர்ச் செங்கல் விரைவில் தேயும். அப்போது உலையின் நடுவில் கற்கரியைச் சற்று மிகுதியாகக் கொட்டுகிறார்கள். வாயு நடுவழியே திரும்புகிறது.