கேத் லேப்பில் கதிரை வீசுவது யார் தெரியுமா?

பெங்களூரு பன்னேர்கட்டா ரோட்டில் உள்ள ஜெயதேவா இதய மருத்துவமனையைத் தெரியாத ஆட்டோக்காரர் உண்டா? அங்கே ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் என்று எக்ஸ்ரே உதவியோடு சிகிச்சை நடக்கும் கேத் லேப்புகள் ஓய்வதே இல்லை. நோயாளிக்கு அது ஒரு நாள் சமாச்சாரம். டாக்டருக்கும் நர்ஸுக்கும் டெக்னீஷியனுக்கும்? தினம் தினம் எக்ஸ்ரே!

ஆனால் அவர்கள்மேல் படும் கதிரில் பெரும்பகுதி மெஷினிலிருந்து நேராக வருவதில்லை, தெரியுமா? மேஜைக்கு அடியிலிருந்து கிளம்பும் எக்ஸ்ரே நோயாளியின் உடம்பில் மோதிச் சிதறுகிறதே, அதுதான் பாய்கிறது. கதிரை வீசுபவர் சாட்சாத் நோயாளியேதான்! ஆள் பருமன் என்றால் சிதறலும் கூடுதல். அரை மீட்டரில் நிற்பவர் ஒரு மீட்டருக்குப் பின்வாங்கினால் கதிர் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். காசில்லாத கவசம்!

காசுள்ள கவசம் ஈய ஏப்ரன். பல கிலோ கனம். மணிக்கணக்கில் சுமந்தால் முதுகு கெஞ்சும். சட்டை மாதிரி மடித்து வைத்தால் போச்சு, உள்ளே விரிசல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஏப்ரனுக்கே எக்ஸ்ரே எடுக்கிறார்கள்!

சரி, ஏப்ரன் மூடாத தலை? 2013-இல் வெளியான ஒரு கட்டுரை, இத்தகைய சிகிச்சை செய்யும் டாக்டர்கள் 31 பேருக்கு வந்த மூளை, கழுத்துக் கட்டிகளைத் தொகுத்தது. எந்தப் பக்கம் என்று தெரிந்த 26 பேரில் 22 பேருக்கு இடப்பக்கம்! டாக்டரின் இடப்பக்கம்தான் கதிருக்கு அருகில் இருக்கும். இதை வைத்து மட்டும் கதிர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வயிற்றைக் கலக்குகிறது. கண்புரை பயத்தால், கண்ணுக்கான ஆண்டுக் கதிர் வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20-ஆகக் குறைக்கச் சொல்லி 2011-இலேயே சர்வதேசப் பரிந்துரை வந்துவிட்டது. ஈயக் கண்ணாடி அணிவது ஸ்டைலுக்கு அல்ல!

தள்ளி இருந்தே தப்பலாமா? 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல் காந்திநகர் அக்ஷர்தாமில் உட்கார்ந்துகொண்டு, சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில் படுத்திருந்தவருக்கு ரோபோ மூலம் ஸ்டென்ட் வைத்தார். அவர்மேல் கதிர் பூஜ்யம்! நோயாளி பக்கத்தில் நின்ற ஊழியர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு கதிர் வாங்கலாம்? முழு உடலுக்கு எந்த ஒரு வருடத்திலும் உலகப் பரிந்துரை 50 மில்லிசீவர்ட் வரை அனுமதிக்கிறது. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 30-இலேயே நிறுத்துகிறது! அதற்குக் கணக்கு வைப்பது ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் குத்தும் டிஎல்டி பேட்ஜ். டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் அதில் இருக்கும். வாங்கிய கதிரைச் சேர்த்து வைத்து, லேபில் சூடாக்கினால் ஒளியாகக் கக்கிவிடும்!

கேத் லேப் நண்பர்களே, தயவுசெய்து அந்த பேட்ஜை டிராயரில் தூங்க வைக்காதீர்கள்.