நோய் போன பின்னும் இரத்தத்தில் சாட்சி

உங்கள் வீட்டில் நாய் உண்டா? அதன் காது மடலைத் திருப்பிப் பாருங்கள். மிளகு போல் உண்ணிகள் ஒட்டியிருக்கலாம். இரும்புலியூரில் எங்கள் பக்கத்து வீட்டு நாயைப் படுக்கையில் தள்ளியது அத்தகைய உண்ணிதான். காய்ச்சல் கண்டது, ஈறுகள் வெளுத்தன, சிறுநீர் கருஞ்சிவப்பாயிற்று. உண்ணி கடித்தபோது இரத்தத்தில் ஏறிய பபீசியா கிப்சோனி என்னும் ஒட்டுண்ணியே காரணம்.

இதற்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1910இல் இதனை முதன்முதலில் விவரித்தவர் கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டன். ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற ஆங்கிலேயர் வேட்டைக் குழுவின் நாய்களிடம் கண்டார். பிறகு நரியின் இரத்தத்திலும் கண்டார். தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் கிண்டி எவ்வளவு தூரம்!

நாயின் சிவப்பணு ஏறத்தாழ 7 மைக்ரான் குறுக்களவுடையது. 1 முதல் 3 மைக்ரான் அளவேயுள்ள இந்த ஒட்டுண்ணி அதனுள் புகுந்து, பெருகி, அதை உடைத்து வெளியேறும். உடல் சும்மா இருக்குமா? எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கிறது. வம்பு இங்கேதான். அவற்றுள் சில, ஒட்டுண்ணி புகாத நல்ல சிவப்பணுக்கள்மீதும் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி அடையாளமிடப்பட்டவற்றை மண்ணீரல் விழுங்கிவிடுகிறது. திருடனைப் பிடிக்க வீட்டையே இடிப்பது போல! நுண்ணோக்கியில் ஒட்டுண்ணிகள் சிலவே தெரிந்தாலும் இரத்தச் சோகை கடுமையாக இருப்பது இதனால்தான்.

அட்டோவகுவோன், அசித்ரோமைசின் என்ற இரு மருந்துகளையும் பத்து நாள் கொடுத்தார்கள். நாய் எழுந்து சோறு தின்றது. சில வாரங்கள் கழித்து எதிர்ப்பொருள் சோதனை செய்தால், ‘உண்டு’ என்றே வந்தது. அந்த வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் ஓடி வந்தாள். “மருந்து பலிக்கலையா சார்?”

நான் இயற்பியல் ஆசிரியன். மின்விசிறியைக் காட்டினேன். விசையை நிறுத்திய பின்னும் இறக்கைகள் சுழல்கின்றன அல்லவா? உவமை முழுதும் பொருந்தாது. விசிறிக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது, உடலோ பகைவன் போன பின்னும் பல மாதங்கள் எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தச் சோதனை சொல்வது, பகைவன் வந்தான் என்பதை மட்டுமே. இருக்கிறானா என்றறிய அவனுடைய டி.என்.ஏ.யைத் தேடும் பி.சி.ஆர். சோதனை வேண்டும்.

அதுவும் அவசியந்தான். சில நாய்களில் ஒட்டுண்ணி முற்றும் அழிவதில்லை. நோய் எதிர்ப்பாற்றலுக்கு அடங்கிக் கிடக்கும். மண்ணீரலை அகற்ற நேர்ந்தால் மீண்டும் தலைதூக்கும். அத்தகைய நாயின் இரத்தத்தை வேறு நாய்க்குச் செலுத்தலாகாது.

இரண்டு மாதம் கழித்துச் செய்த பி.சி.ஆர். சோதனையில் ஒட்டுண்ணி அகப்படவில்லை. எதிர்ப்பொருள் சோதனை மட்டும் அன்றும் ‘உண்டு’ என்றது. அவள் கவலைப்படவில்லை, நாயின் காதில் உண்ணி தேடிக்கொண்டிருந்தாள்.